பயத்தின் பங்குதாரர்

அத்தியாயம் ஏழு

பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தை நான்காக மடித்துத் தட்டாக்கி, அதன் மேல் பராட்டாவை வைத்துத் தின்றுகொண்டிருந்தான் சீனிமுகம்மது. கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே நின்ற அவனுடைய ஓட்டோவின் பின்னாசனத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"நேத்தும் ஏறியிரிக்கி அக்கா," என்றான்.

"எது?" என்று கேட்டார் மீனாம்பிகை.

"நிவாரணி லங்காட பங்கு. பராட்டாட விலையுந்தான் ஏறியிரிக்கி. அதை எந்தப் பேப்பர்க்காரனும் போடமாட்டான்."

மற்றப் பெண் சிரிக்கவில்லை. அவள் பெயர் நிரோஜினி. காரைதீவைச் சேர்ந்தவள். சுனாமி வீட்டுத்திட்டம் ஒன்றின் கிளினிக்கில் மருத்துவிச்சியாக இருந்தவள், இப்போது வேலை இடைநிறுத்தப்பட்டு வீட்டில் இருப்பவள்.

"நாளைக்குக் காலையில விசாரணை மிஸ்," என்றாள். "நான்தான் சொன்னதெண்டு முடிவானா வேலை போயிரும். பிறகு பொலிஸ். அப்பா வெளியில தலைகாட்டுறதில்ல."

இந்த வழக்கை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. யுத்தம் முடிந்த வருடம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு, மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை ஒரு கதை பரவியது. சின்னமுத்து என்னும் அம்மை நோய்க்குப் போடும் தடுப்பூசியில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதாம். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கை விட்டு ஓடினார்கள். கதை கொழும்புக்கும் போனது. ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. அந்த மருந்தை இறக்குமதி செய்யும் நிவாரணி லங்கா கம்பெனியின் பங்கு விலை மழைக்கால மதில்போல விழுந்தது. அதன் பிறகு தடுப்பூசி விழிப்புணர்வுச் சட்டமூலம் வந்தது. ஊசியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தாய்க்கும் விளக்க வேண்டும், ஒவ்வொரு பாடசாலையிலும் கூட்டம் வைக்க வேண்டும், பொய்க்கதை பரப்பினால் தண்டனை. இவ்வளவு விளக்கத்துக்குப் பிறகு அரசாங்கம் எவ்வளவு ஊசி வாங்கும் என்று கொழும்பில் கணக்குப் போட்டார்கள். விழுந்த பங்கு எழுந்து, பழைய உயரத்தையும் தாண்டி நின்றது.

தண்டிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நிரோஜினியைக் காட்டினார்கள். காட்டியவர் சாதாரண ஆள் அல்ல. கல்முனையில் தனியார் கிளினிக் நடத்தும் டொக்டர் மஹ்றூப். சட்டம் வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசியவர் அவர்தான். 'அந்த மருத்துவிச்சி சொன்னதாகக் கேள்விப்பட்டேன்' என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார். டொக்டரின் வார்த்தையை யார் சந்தேகிப்பார்கள்?

மீனாம்பிகையும் சந்தேகிக்கவில்லை. அவர் முன்பு காப்புறுதிக் கம்பெனியில் விசாரணை உத்தியோகத்தராக இருந்தவர், இப்போது தனியே துப்பறிபவர். சுனாமிக்குப் பிறகு, கடல் கொண்டுபோனதையும் ஆள் கொண்டுபோனதையும் பிரித்துப் பார்த்துப் பெயரெடுத்தவர். டொக்டருக்கு யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தார்.

"நீ வீட்ட போ மகள்," என்றார் நிரோஜினியிடம். "விலை விழுந்த நேரம் பங்கு வாங்கினவனுக்குத்தான் இந்தப் பயத்தால லாபம். அவனைப் பிடிச்சா கதை எங்க தொடங்கினதெண்டு தெரியும்."

"எங்கட பக்கத்தில பங்கு விளையாடுற ஆள் ஒருத்தர்தான்," என்று கையைத் துடைத்தான் சீனிமுகம்மது. "கலந்தர்லெவ்வை ஹாஜியார். மனுசன் நெல்லை விட இப்ப பேப்பரைத்தான் கூடக் குத்துறார்."

*

மாவடிப்பள்ளிக்குப் போகும் வழியில் இருந்தது ஹாஜியாரின் அரிசி ஆலை. உமித்தூசியின் நடுவே கதிரை போட்டு அமர்ந்திருந்தவரிடம் நிவாரணி லங்காவின் பெயரைச் சொன்னதும் அவர் நெஞ்சைப் பிடித்தார்.

"அந்தப் பேரைச் செல்லாதீங்க மிஸ். வகுறு எரியிது. நல்ல விலைக்கு வாங்கினன். பண்டிக் கதை வந்து விலை விழ, பயத்தில கிடைச்ச விலைக்கு வித்தன். வித்து முடிய ஏறிச்சு. வாங்கினவன் ஆரெண்டு கண்டுபுடிச்சா எனக்கும் செல்லுங்க. அவன்ட மூஞ்சைய ஒருக்காப் பாக்கணும்."

"நல்லா நடிக்கிறீங்க ஹாஜியார்," என்றான் சீனிமுகம்மது.

"டேய், நடிக்கிறவன் இவ்வளவு மெலிவானாடா?"

ஹாஜியாரின் சட்டை உண்மையிலேயே தொளதொளவென்று கிடந்தது. மீனாம்பிகை வேறு பக்கமாகப் போனார். "மருந்துக் கம்பெனிப் பங்கு வாங்கலாமா எண்டு மார்க்கத்தில பார்த்தீங்களா?"

"பாக்காம காசு போடுவனா? மௌலவிட்டக் கேட்டன். 'இதையே இன்னொரு ஆளும் வந்து கேட்டுட்டுப் போறார், கூடும், மார்க்கத்தில தடையில்ல, வாங்குங்க' எண்டார்."

மீனாம்பிகை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க அக்கா?" என்றான் சீனிமுகம்மது.

"அந்த இன்னொரு ஆளைத் தேடி."

*

மௌலவி சிறிய மனிதர். இரண்டு பேருக்கும் பிளேன்ரீ வருவித்தார். கேள்வியைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"பேரைச் செல்லமாட்டன் மிஸ். மார்க்கம் கேட்டு வாறவன்ட பேரு எனக்கிட்ட அமானத்து, நம்பி ஒப்படைச்ச பொருள்."

"பேர் வேண்டாம் மௌலவி. என்ன கேட்டார் எண்டு சொல்லலாமா?"

"அதுல மறைக்க என்ன இரிக்கி? ஊசியில பண்டியிட பொருள் ஏதும் கலந்திரிந்தா அந்தக் கம்பெனிப் பங்கு கூடுமா எண்டு கேட்டார். பிறகு அவரே, 'இல்ல மௌலவி, நான் கம்பெனியில விசாரிச்சு அத்தாட்சியும் எடுத்துட்டன், அப்பிடி ஒண்டும் இல்ல' எண்டு காட்டினார். அப்ப தாராளமாக் கூடும் எண்டு சென்னன். நல்ல பேணுதலான மனுசன்."

"எப்ப வந்தார்?"

"போன வருசம் நோன்புக்குத் தலைப்பிறை காண முந்தி."

சீனிமுகம்மதுவின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. "மௌலவி, பண்டிக் கதை ஊருக்குள்ள வந்தது ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகெல்லுவா?"

மௌலவி விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

"ஊரில ஒருத்தருக்கும் வராத சந்தேகம் அவருக்கு மட்டும் மூணு மாதம் முந்தியே வந்திருக்கு," என்றார் மீனாம்பிகை. "அது பொய் எண்டும் முந்தியே தெரிஞ்சிருக்கு. அதுக்குப் பிறகுதான் கதை பிறந்திருக்கு."

முற்றத்தில் காகம் ஒன்று மீன் செதிலைக் கொத்தியது. மௌலவி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கதை வந்த நேரம் நான் வெள்ளிக்கிழமை குத்பாவில சென்னன், அதுல பண்டி இல்ல எண்டு. ஒருத்தரும் காதுல போடல்ல. அந்த மனுசனும் முன்வரிசையிலதான் இரிந்தார்."

"பிறகும் உங்களிட்ட வந்தாரா?"

"பேரைக் கேட்கல்ல எண்டுட்டு ஆளைக் கேட்கிறீங்க மிஸ்." மௌலவியின் குரலில் கோபமில்லை. "நான் பொதுவாச் செல்றன். மனம் உறுத்துற காசு கையில வந்துட்டா என்ன செய்யிற எண்டு கேட்டு வாறவங்களுக்கு எப்பவும் ஒரே பதில்தான். பள்ளிக்குக் குடுக்காதீங்க. அதால நன்மை தேடாதீங்க. பேரு போட்டுக்காதீங்க."

"அப்ப எதுக்குக் குடுக்கிறது?"

மௌலவி முற்றத்தைப் பார்த்தார். பெண்பிள்ளைக்கு முன்னால் சொல்லக் கூச்சம். சீனிமுகம்மது இருமினான்.

வெளியே வந்ததும் மீனாம்பிகை கேட்டார். "என்ன இருமல்?"

"அக்கா, பேங்கில எங்கட காசுக்கு வட்டி விழுந்தா நாங்க அதை என்ன செய்வம், தெரியுமா?"

"என்ன செய்வீங்க?"

"கக்கூசு கட்டுவம்."

"பகிடி விடாத."

"உம்மாவாணச் சத்தியம். வட்டிக்காசு வீட்டுச் சட்டிக்குள்ள வரக்கூடா. பள்ளிக்கும் கூடா. கக்கூசுக்கும் வடிகானுக்கும் போகலாம். எங்கட பக்கம் வசதியான கக்கூசில குந்தினீங்க எண்டா ஆரோ ஒரு ஹாஜியார்ட வட்டியில குந்திரிக்கீங்க எண்டு அர்த்தம்."

மீனாம்பிகை ஓட்டோவில் ஏறாமல் நின்றார். "அப்ப நாம தேட வேண்டியது..."

"புதுக் கக்கூசு. பேர்க்கல் இல்லாத கக்கூசு."

*

தேடுவது சுலபம் என்று சீனிமுகம்மது சொன்னது சரியாக இருந்தது. சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையோரத்தில் பெயரில்லாமல் எதுவும் முளைக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் பெயர். பஸ் தரிப்பிடத்தில் பெயர். மையத்து அடக்கும் மையவாடி மதிலில் பெயர். வெளிநாட்டுக்காரன் கொடுத்த, உட்காரும் கொங்கிறீட் வாங்கில் கொடியும் பெயரும். தங்க எழுத்து வெட்டிய பளிங்குக்கல் இல்லாமல் இங்கே தர்மம் நடப்பதில்லை.

சந்தைக்குப் பின்னால் ஒன்று: கல் இருந்தது. கடற்கரைப் பக்கம் ஒன்று: கல்லும் இருந்தது, கொடுத்தவரின் படமும் இருந்தது. "இவர்ட முகத்தைப் பாத்தா வந்ததும் திரும்பிப் போயிரும்," என்றான் சீனிமுகம்மது.

மூன்றாவது, வயல் ஓரத்துச் சுனாமி வீட்டுத்திட்டத்தில், நிரோஜினி வேலை செய்த கிளினிக்குக்குப் பின்னால் நின்றது. ஆறு கதவுகள். சுவருக்கு நீல மாபிள். மேலே புதுத் தண்ணீர்த் தாங்கி. எங்கேயும் ஓர் எழுத்து இல்லை. சுற்றிலும் வீடுகளின் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருக்க, கக்கூசு மட்டும் கலியாண வீடு மாதிரி மினுங்கியது.

குழியின் மூடியைப் பூசிக்கொண்டிருந்தார் மேசன் நல்லரெத்தினம்.

"கல்லு ஒண்டு பதிக்கல்லயா அண்ணன்?" என்றார் மீனாம்பிகை.

"நானும் கேட்டன் தங்கச்சி. ஏச்சுத்தான் கிடைச்சுது. 'பேரும் வேணாம், நான் கட்டினதெண்டு ஒருத்தருக்கும் சொல்லவும் வேணாம்' எண்டுட்டார். இந்தக் காலத்தில இப்பிடி ஒரு மனுசன். எனக்கெண்டா மறைக்க மனம் வருதில்ல."

"ஆரு, கலந்தர்லெவ்வை ஹாஜியாரா?" என்றான் சீனிமுகம்மது.

"அவரா? அவர் ஒரு வாளி குடுத்தாலும் அடியில பேர் எழுதித்தானே குடுப்பார்." நல்லரெத்தினம் சாந்தகப்பையால் கிளினிக் பக்கம் காட்டினார். "இது டொக்டர் மஹ்றூப் ஐயா."

அவர் காட்டிய சுவரில் டொக்டரின் படம் போட்ட சுவரொட்டி இருந்தது. புன்னகையுடன் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார். பயம் வேண்டாம், ஊசி வேண்டும்.

சீனிமுகம்மது சுவரொட்டியையும் கக்கூசையும் மாறி மாறிப் பார்த்தான்.

வாளியுடன் ஒரு பெண் வந்தாள். ஆசியா உம்மா, முன்வீட்டுக்காரி. அவளுடைய மகளுக்குச் சின்னமுத்து வந்து இறங்கி, இப்போது ஒரு கண் தெரியவில்லை என்று நிரோஜினி சொல்லியிருந்தாள். ஊசி போடாத பிள்ளை.

"தங்கச்சி, பண்டிக் கதையை உங்களுக்கு ஆர் சொன்னது? நிரோஜினியா?" என்று கேட்டார் மீனாம்பிகை.

"அந்தப் புள்ளைக்கு அநியாயம் செல்ல ஏலா மிஸ். ஊசியப் போடுங்க, போடுங்க எண்டு வீடு வீடா வந்து கெஞ்சினவ. நான்தான் கதவைச் சாத்தினன்."

"அப்ப ஆர்?"

ஆசியா உம்மா வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள்.

"டொக்டர்தான். மகளுக்குக் காய்ச்சல் எண்டு அவர்ட்டப் போன நேரம் மெதுவாச் சென்னார். 'ஊசியில பண்டிக் கொழுப்பு எண்டு கதைக்கிறாங்க, எனக்குத் தெரியா, யோசிச்சுச் செய்ங்க, நான் சென்னதெண்டு செல்லிராதீங்க' எண்டார். இங்க கனபேருக்கு அப்பிடித்தான். நம்மட நல்லதுக்குச் சென்ன மனுசனை எப்பிடிக் காட்டிக் குடுக்கிற?"

சொல்லிவிட்டு அவள் வாளியை எடுத்துக்கொண்டு நீல மாபிள் பக்கம் நடந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனாள். மீனாம்பிகை கையால் மூக்கைப் பொத்தினார். கட்டடம் புதிது, சுத்தமாகத்தான் இருந்தது. நாற்றம் அங்கிருந்து வரவில்லை.

"அக்கா," என்றான் சீனிமுகம்மது. "ஒங்களை டொக்டர்ட வாசல்ல இறக்கிர்றன். எனக்கு ஒரு பயணம் இரிக்கி."

*

பின்னேர அஸர் தொழுகை முடித்து வந்த டொக்டர் மஹ்றூப் முகம் மலர வரவேற்றார். மேசைக்கு வட்டிலப்பம் வந்தது. மீனாம்பிகை கரண்டியைத் தொடவில்லை.

"நல்ல செய்தியோட வந்தன் டொக்டர். வீட்டுத்திட்டத்துச் சனம் உங்கட பேரில கல்லுப் பதிக்கப் போகுது."

"எதுக்கு மிஸ்?"

"கக்கூசுக்கு."

டொக்டரின் கரண்டி தட்டில் விழுந்தது. "வேணாம்! ஆரு சென்ன? அதுல என்ட பேரு வரக்கூடா."

"ஏன் டொக்டர்? பஸ் தரிப்பிடத்தில இருக்கு. பள்ளிக்கூட மணிக்கூட்டில இருக்கு. தண்ணிக் குழாயிலயும் இருக்கு."

"அது வேற காசு!"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மீனாம்பிகை கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"ஓம், வேற காசுதான். ஊசியில பண்டி இல்ல எண்டு முதல்ல அத்தாட்சி எடுத்தீங்க. பங்கு ஹலால் எண்டு கேட்டுவச்சீங்க. பிறகு இருக்கு எண்டு கதையை விட்டீங்க. விலை விழ வாங்கினீங்க. சட்டம் வேணும் எண்டு மேடை ஏறினீங்க. விலை ஏற வித்தீங்க."

அவர் மறுப்பார் என்று மீனாம்பிகை எதிர்பார்த்தார். டொக்டர் கைக்குட்டையால் மீசையை ஒற்றிவிட்டு, நோயாளிக்கு விளக்குவதுபோல ஆறுதலாகப் பேசத் தொடங்கினார்.

"நான் ஒரு பொய்யும் செல்லல்ல மிஸ். 'கதைக்கிறாங்க' எண்டுதான் சென்னன்."

"உங்களுக்கு முதல்ல ஆர் கதைச்சது?"

அதை அவர் கேட்காதவர் மாதிரிக் கடந்தார். "பலனைப் பாருங்க. பயம் வந்ததாலதான் சட்டம் வருது. இனி ஒவ்வொரு தாய்க்கும் விளக்கி ஊசி போடுவாங்க. எத்தனை ஆயிரம் புள்ளையள் பிழைக்கும்! இடையில எனக்கும் நாலு காசு வந்திச்சு. பங்கு கூடும் எண்டு மார்க்கத் தீர்ப்பு இரிக்கி. அதிலயும் மனம் உறுத்தின அளவைப் பிரிச்சுக் குடுத்துட்டன்."

"உறுத்தின அளவு ஆறு கக்கூசு."

"தண்ணித் தாங்கியும் வச்சிரிக்கன்."

"ஆசியா உம்மாட மகள்ட கண்?"

"என்ன செய்யிற மிஸ். எந்த மருந்துக்கும் கொஞ்சம் பக்கவிளைவு இரிக்கிதானே."

காப்புறுதிக் கம்பெனியில் இருந்த காலத்தில், செத்த தம்பியின் பெயரில் இரண்டு இடத்தில் காசு கேட்டு வந்த அண்ணனை மீனாம்பிகை பார்த்திருக்கிறார். அவன் அழுதாவது கேட்டான். இந்த மனிதரின் முகத்தில் தொழுகையின் ஈரம் இன்னும் காயவில்லை.

"நிரோஜினியை ஏன் மாட்டினீங்க?"

"ஆரையாவது ஒருத்தரக் காட்டத்தானே வேணும். அவ உங்கட தமிழ் ஆள், எங்கட முஸ்லிம் ஊருக்குள்ள வேலை செய்யிறவ, சனம் சுறுக்கா நம்பும். வேலை போனாப் பரவாயில்ல, என்ட கிளினிக்கில எடுக்கிறன். சம்பளமும் கூடக் குடுப்பன்."

மீனாம்பிகை மேசையிலிருந்த தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார்.

"விசாரணை அதிகாரிக்கு எடுங்க. இப்ப. இல்லாட்டிக் கல்லு பதியும். பெரிய எழுத்தில. யாரும் பேர் போடாத காசில டொக்டர் ஏன் கட்டினார் எண்டு இந்த ஊருக்கு நான் விளக்கத் தேவையில்ல. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

டொக்டர் கல்லை நினைத்துப் பார்த்தார் போலும். எண்களை அழுத்தினார்.

"ஓம், மஹ்றூப் கதைக்கிறன். அந்த மருத்துவிச்சி விசயம்... நான் குடுத்த வாக்குமூலம் பிழை. அவ அப்பிடிச் செல்லல்ல. ஓம். காலையில நேரில வாறன்." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "ஆரு சென்னதெண்டா? அதை... ஓம். நான்தான். நான்தான் சென்ன."

அவர் வைத்ததும் மீனாம்பிகை தன் கைத்தொலைபேசியை எடுத்தார். "நிரோஜினி, நாளைக்கு விசாரணைக்கு யூனிபோர்மோட வா மகள். முடிய நேரா வேலைக்குப் போகலாம்." மறுபக்கம் அழுகை வெடித்தது அறை முழுவதும் கேட்டது. டொக்டர் அந்த அழுகை முடியும்வரை காத்திருந்தார். பிறகு மேசைக்குக் குறுக்கே குனிந்தார்.

"மிஸ், ஒரே ஒரு உதவி. விசாரணைக்காரங்க என்னவும் செய்யட்டும். மௌலவிக்கு மட்டும் தெரிய வேணாம். அவர் என்னைப் பத்தி நல்ல மனசில வச்சிரிக்கார்."

தன் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. மீனாம்பிகை எழுந்து, அவருடைய தொலைபேசியைத் தொட்ட விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

வாசலில் சீனிமுகம்மது நின்றான். செருப்பைக் கழற்றவில்லை.

"மௌலவி வெளியில என்ட ஓட்டோவுக்குள்ளதான் இரிக்கார் டொக்டர்."

டொக்டர் பதறி எழுந்தார். கை தானாகத் தொப்பியைத் தேடியது. "உள்ள வரச் செல்லுங்க, உள்ள..."

"சென்னன். இந்த வாசப்படி மிதிக்கமாட்டாராம். நீங்கதான் வெளியில வரணுமாம். உங்களுக்குத் தந்த தீர்ப்பில ஒரு பிழை நடந்துட்டாம், அதைத் திருத்தணுமாம்."

"என்ன பிழை?"

"நீங்க மிருகத்தைப் பத்திக் கேட்டீங்களாம். அவர் பங்கு வாங்குற மனுசனைப் பத்திக் கேட்க மறந்துட்டாராம்."